புளி போட்டுத் தேய்த்த செம்புப் பூச்சு

என் அக்கா டயானா, செம்பை உருக்காமல் இரும்பின்மேல் ஒட்டவைப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். செம்புத் தூளை வாயுவோடு சேர்த்து அசுர வேகத்தில் பீய்ச்சுவார்கள். தூள் உருகாது, மோதிய வேகத்தில் நசுங்கி அப்பிக்கொள்ளும். சுவரில் வரட்டி தட்டுகிற மாதிரிதான். நசுங்கிய இடத்தில் அணு வரிசைகள் எப்படி வளைந்திருக்கின்றன என்று எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. எங்கள் ஊர் வடக்கனந்தலில் யார் கேட்டாலும் அக்கா பெயின்ட் கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். எனக்கும் வேலை இருக்கிறதல்லவா.

போன மாதம் மாதா கோயில் திருவிழாவுக்கு வந்தாள். இங்கிருந்து நேராகப் பெங்களூர் போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முறை அது. தவறினால் டாக்டர் பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அதற்காகக் கொண்டுவந்த, செம்பு பூசிய இரும்புத் துண்டை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அத்தனை படித்தவள் வைக்கிற இடமா அது?

எங்கள் அம்மா லூசி, திருவிழாவுக்கு முன்னால் கோயில் மெழுகுவர்த்தித் தண்டுகளைத் தேய்த்துக் கொடுப்பாள். மலைப்புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணில் படுகிற செம்பு, பித்தளை எதுவும் தப்பாது. மங்கிக் கிடந்த அந்தத் துண்டையும் பளபளவென்று தேய்த்து, பெருமையாக அக்காவிடம் நீட்டினாள்.

அக்காவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. மாற்றுத் துண்டு கிடையாது. புளித்தண்ணீர் ஓரமாக உள்ளே இறங்கி, செம்பும் இரும்பும் சேரும் இடத்தை அரித்திருந்தால் எல்லாம் போச்சு.

"உனக்கு இன்னா தெரியும்? என் பொருள இனிமே தொடாத" என்றாள்.

தேர் பார்க்கவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த சோற்றையும் எடுக்காமல் பஸ் ஏறிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அம்மா கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவே இல்லை. அம்மாவோ வீட்டில் புளிக்குழம்பு வைப்பதையே விட்டுவிட்டாள்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று அக்கா என் போனுக்குத்தான் கூப்பிட்டாள். துண்டின் நடுவிலிருந்து மெல்லிய சீவல் எடுத்தாளாம். தேய்த்தது மேலோடு போய்விட்டது, உள்ளே எதுவும் கெடவில்லை, அணு வரிசைகள் வளைந்திருப்பது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றாள். குரல் துள்ளியது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா அணுவைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை.

"அப்ப இனிமே என்னாண்ட பேசுவியா?" என்றாள்.

அந்தப் பக்கம் துள்ளல் நின்றுவிட்டது. அம்மா என்று ஆரம்பித்த அக்கா, மேலே பேச முடியாமல் அழுதாள்.