என் பெயர் திரையில் விழுந்த மதியம்

நான் அழுதுகொண்டே தியேட்டரை விட்டு வெளியே வந்ததாக நம் திரைப்பட ரசிகர் குழுவில் தம்பி மெய்யப்பன் எழுதியிருக்கிறார். கீழே பலர் கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறீர்கள்.

நான் அழவில்லை. துக்கம் தாங்காமல் எழுந்து வரவும் இல்லை. என்னை வெளியே அழைத்தார்கள்.

எத்தனையோ வருடம் ஆகியும் அந்த மதியக் காட்சி இன்னும் மூக்கில் நிற்கிறது... பெண்கள் பக்கத்து மல்லிகையும் வியர்வையும், யாரோ மடியில் பிரித்த காரச்சேவும். என் கணவர் இறந்து தலைத் திவசம் வரவில்லை. கான்வென்ட் தோழி ரோஸி புதுவயலிலிருந்து வந்து, "சுவத்தையே எத்தன நாளைக்குடி பாப்ப? கிளம்பு" என்று இழுத்துப் போனாள்.

பாட்டும் சண்டையும் இல்லாத படம். ஊரில் யாரும் சீண்டவில்லை. கணவன் விட்டுப் போன ஒருத்தி மறுபடி வாழத் தொடங்கும் கதை. சீர்ப் பாத்திரங்களில் ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் மூட்டை கட்டி மாமியார் வீட்டுக்கே அனுப்பிவிடுவாள். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு வெளியூரில் மாடி அறை வாடகைக்குக் கேட்பாள். வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்து, "கூட யார் இருப்பாங்க?" என்பார். அவள் வாயைத் திறந்தாள்...

அவள் முகத்தின் மேலேயே ஸ்லைடு விழுந்தது. "செக்காலை உண்ணாமலை ஆச்சி உடனே வெளியே வரவும்."

அப்போது கையில் போன் ஏது? வீட்டில் சாவு, பிரசவம் என்றால் கண்ணாடித் துண்டில் எழுதித் திரையில் காட்டுவார்கள். மகனுக்கு என்னவோ என்று வரிசையில் இருந்தவர்கள் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் என் கொழுந்தனார் குடை பிடித்து நின்றார்.

"பிள்ளைக்கு என்ன?"

"அவன் நல்லாத்தான் இருக்கான் ஆச்சி."

"அப்ப யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. நீங்க உள்ள உக்காந்திருக்கீக, அதான். வருசம் திரும்பல, அதுக்குள்ள கொட்டகையான்னு கடைவீதியில கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

பின்னாலேயே வந்த ரோஸி விடவில்லை. "ஏண்ணே, போன வாரம் புதுப்படத்துக்கு நீங்கதான் முதல் ஆளா நின்னீகளாமே? செத்தது உங்க கூடப்பொறந்த அண்ணன்தானே?"

அவர் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனாலும் வீட்டுக்குத் திரும்பியது நான்தான். மறுநாள் ரோஸி போய்ப் பார்த்தபோது படத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஒரு பள்ளியில் வேலை கேட்கப் போனேன். "கூட யாரு வந்திருக்காக?" என்றார் நிர்வாகி. "நான் வந்திருக்கேன். போதாதா?" என்றேன். வேலை கிடைத்தது. படத்தில் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

அதன்பின் எத்தனை கேசட் கடைகள், எத்தனை டிவி சேனல்கள்... எங்கும் அது கிடைக்கவில்லை.

இப்போது மெய்யப்பன் கையில் ஒரு பிரதி கிடைத்திருக்கிறது. அவர் என்ன செய்கிறார்? "முக்கியக் காட்சிகள் அரை மணி நேரம், பிறகு ஆச்சியின் கண்ணீர் நினைவுகள்" என்று அழைப்பிதழ் போடுகிறார். எது முக்கியம் என்று யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்? என் கண்ணீரை யாரைக் கேட்டு அச்சடித்தீர்கள்?

அன்று என்னைப் பாதியில் எழுப்ப ஒருவர் கொளுத்தும் வெயிலில் வந்து, முகத்துக்கு நேரே நின்று, ரோஸியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். நீங்கள் வீட்டிலிருந்தபடியே விரலால் தட்டி அதையே செய்கிறீர்கள். இன்று ரோஸியும் இல்லை, கொழுந்தனாரும் இல்லை. சண்டை போடவும் ஆளில்லை.

தம்பி மெய்யப்பன், படத்தை முதலிலிருந்து கடைசிவரை வெட்டாமல் போடுவீர்களா, மாட்டீர்களா? போட்டால் வருகிறேன். மேடை வேண்டாம், ஓரத்தில் ஒரு நாற்காலி போதும். போனில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.