அமெரிக்கக் கார், கோலியர்ஸ் வுட் கவுண்டர்

கார் நன்றாக ஓடுகிற நாளில் ஒருவரும் சர்விஸ் கவுண்டருக்கு வரமாட்டார்கள். அதனால் அங்கே நிற்கிறவள் "குட் மோர்னிங்" சொன்னால் பதிலுக்கு வருவது பெரும்பாலும் ஒரு பெருமூச்சுத்தான். கடையிலோ, தபாற்கந்தோரிலோ, ஆஸ்பத்திரியிலோ கவுண்டருக்குப் பின்னால் நின்று சம்பளம் வாங்கியவர்கள் இதை வாசித்தால், நான் பாதி சொல்லும்போதே மீதி அவர்களுக்கு விளங்கிவிடும்.

எண்பதுகளின் கடைசியில் நான் லண்டனுக்கு வந்து, மோர்டனில் என் கணவரோடு ஒற்றை அறையில் குடியிருந்த காலம். கோலியர்ஸ் வுட்டில் பெரிய அமெரிக்கக் கார் கம்பெனி ஒன்றின் ஏஜென்சி இருந்தது. முன்பக்கம் புதுக் கார் விற்கிற ஷோரூம், பின்பக்கம் கராஜ், இரண்டுக்கும் நடுவில் கவுண்டரில் நான், எல்லாருக்கும் யோகி. காரில் என்ன குறை என்று கேட்டுத் திறப்பை, அதாவது கார்ச் சாவியை, வாங்கிக்கொள்ள வேண்டும், பின்னேரம் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மனேஜர் பிரையன் முதல் நாளே என்னைச் சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களுக்கு முன்னால் நிறுத்திக் கம்பெனியின் சரித்திரத்தைச் சொன்னார். பணக்காரர் மட்டும் கார் வைத்திருந்த காலத்தில், கூலிக்கு வேலை செய்கிறவனும் வாங்கக்கூடிய காரைச் செய்வோம் என்று அமெரிக்காவில் தொடங்கினார்களாம். பிறகு இங்கிலாந்துக்கும் வந்து தொழிற்சாலை போட்டு, இந்த நாட்டில் தெருவுக்குத் தெரு தங்கள் காரை நிறுத்திவிட்டார்களாம். "யாராவது கோபமாக வந்தால் இந்தக் கதையைச் சொல்லு, ஆறிவிடுவார்கள்" என்றார். நானும் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் ஆறவில்லை.

எந்த நாட்டுக் கார்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். கோட், டை, மினுக்கிய சப்பாத்து. என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை என்றபடியால் வேண்டாவெறுப்பாகத் திறப்பை மேசையில் வைத்தார். ஜப்பான் கார்கள் இந்த நாட்டைக் கெடுத்துவிட்டன, தான் சாகும்வரை இங்கிலீஷ் காரைத் தவிர வேறொன்றை ஓடப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டே போனார்.

எனக்குப் பிரையன் சொன்ன பாடம் நாக்கில் நின்றது. "இது அமெரிக்கக் கம்பெனி, சேர்" என்று சுவரைக் காட்டினேன். அவர் சிரித்தார். தன் தகப்பனும் இதைத்தான் ஓடினார், தம்பி இந்தக் கம்பெனியின் தொழிற்சாலையில்தான் வேலை செய்தான், இது அமெரிக்கக் கார் என்றால் தானும் அமெரிக்கன்தான் என்றார். பிறகு நான் எந்த ஊர் என்று கேட்டார். மோர்டன் என்றேன். அது இல்லை, உண்மையில் எந்த ஊர் என்றார். யாழ்ப்பாணம் என்றேன். தான் கேள்விப்படாத ஒரு விலாசத்தைக் கேட்டதுபோலத் தலையாட்டிவிட்டு, வெளியே போகும்போது திரும்பி நின்று, மனதில் கெடுதல் ஒன்றும் இல்லாமல் சொன்னார்: "பரவாயில்லை அம்மா, நீங்கள் இங்கே கொஞ்சக் காலத்துக்குத்தானே?"

தேசிக்காய்

எங்கடை ஆட்களில் ஒருவர் ஒரு காரை வாங்கினால் அடுத்தவரும் அதையேதான் வாங்குவார். உதிரிப் பாகம் மலிவு, எந்தக் கராஜிலும் திருத்தலாம், விற்றாலும் விலை போகும். அப்படித்தான் அந்தக் கம்பெனியின் பேர் எங்களுக்குள் பரவியது. வாங்கினவுடன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை. நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், வைத்து நசித்துத்தான் தெருவில் இறக்குவார்கள்.

ஒருநாள் மூத்த மெக்கானிக் வின்ஸ்டன், ரயரின் இடுக்கில் இருந்து எடுத்த நசிந்த தேசிக்காய்த் தோலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து இது என்ன என்று கேட்டார். அவர் ஜமேக்காவில் பிறந்தவர், பேச்சு மிகக் குறைவு. கார் ஓடுகிறவருக்கு ஆபத்து ஒன்றும் வரக்கூடாது என்று செய்கிற காரியம் என்று நான் விளக்கினேன். அவருடைய தம்பி முந்தின வருடம்தான் மோட்டர்வேயில் அடிபட்டுச் செத்திருந்தார். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. வின்ஸ்டன் தோலைக் குப்பையில் போடவில்லை. கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை, யோகி."

சத்தம்

ரொன் என்ற கிழவர் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அடித்துக் கதவாக வளைக்கிற பகுதியில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். அவருடைய தெருவில் பாதி ஆண்கள் அங்கேதான் வேலையாம். நல்ல சம்பளம், வருடத்தில் ஒரு தடவை கடற்கரை, மகளின் கலியாணம், எல்லாமே கம்பெனிக் காசு என்று பெருமையாகச் சொல்லுவார். அந்த இரைச்சலில் காது மட்டும் போய்விட்டது. நான் கத்தித்தான் கதைக்க வேண்டும். ஷோரூமில் நின்றவர்கள், நான் கிழவரோடு சண்டை பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அவர் வரும்போதெல்லாம் ஒரே குறைதான் சொல்லுவார். "காரில் ஏதோ சத்தம்." வின்ஸ்டன் ஓடிப் பார்ப்பார், அடியில் படுத்துப் பார்ப்பார். ஒன்றும் இராது. அடுத்த மாதம் திரும்பவும் வருவார். கிழவர் நேரத்தை வீணாக்குகிறார் என்று பிரையனுக்கு எரிச்சல். கடைசியில் என்னையே கேட்கச் சொன்னார். நான் குரலை உயர்த்தி, "ரொன், உங்களுக்குத்தான் காது கேளாதே, சத்தம் வருகிறது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். தன் மனைவி மார்கழியில் தவறிப்போன விஷயத்தை அப்போதுதான் சொன்னார். பிறகு, கேளாதவர்கள் கதைக்கிற அந்தப் பெரிய குரலில், ஷோரூம் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "பக்கத்தில் இருந்து அவள்தான் சொல்லுவாள், ரொன், கார் சத்தம் போடுகிறது என்று. இப்போது போடுகிறதா இல்லையா என்று எனக்குச் சொல்ல ஆளில்லை, அதுதான் உங்களிடம் கொண்டுவருகிறேன்."

பொனற்றில் எழுதியது

மதுரைப் பக்கத்து டொக்டர் ஒருவர் எங்களிடம் கார் வாங்கியிருந்தார். இளம் ஆள், ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் வேலை. காசு சேர்த்து வாங்கிய முதல் கார். ஒரு காலை அவர் வந்தபோது, முன்பக்கம் எஞ்சினை மூடுகிற பொனற்றின் மேல் ஒரு பழைய போர்வை விரித்துக் கட்டியிருந்தது. மழையில் நனைந்து, வழியெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்திருக்கிறது. போர்வையை எடுத்துவிட்டுப் பார்த்தால், ஆணியால் கீறி இரண்டு இங்கிலீஷ் சொற்கள். இந்த நாட்டைவிட்டுப் போ என்பதுதான் அர்த்தம். அதற்குக் கீழே இன்னொரு சொல், அதை நான் எழுதமாட்டேன்.

அடுத்த நாள் விடிய அவருடைய அப்பா அம்மா ஹீத்ரோவில் வந்து இறங்குகிறார்கள். இந்த வாரம் பெயின்ற் அடிக்க ஏலாது, வேறு கார் இரவல் தருகிறேன் என்றார் பிரையன். "இல்லைங்க, காரோட போட்டோவை அப்பா தெரு முழுக்கக் காட்டியிருக்கார். இந்தக் கார்லதான் அவங்களைக் கூட்டிட்டு வரணும்" என்று டொக்டர் நின்ற இடத்திலேயே நின்றார். வின்ஸ்டன் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். பெயின்ற் அடிக்கிறவனையும் கூட்டிக்கொண்டு, மத்தியானச் சாப்பாடும் இல்லாமல், பின்னேரத்துக்குள் பொனற்றைப் புதிதாக்கிக் கொண்டுவந்து விட்டார்.

டொக்டர் பொனற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். ஆறுதலுக்கு நான், "யோசிக்காதேங்கோ டொக்டர், அப்பா அம்மா கண்டிருந்தாலும் அவைக்கு விளங்கியிராது" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "இல்ல மேடம், அப்பா ஹெட்மாஸ்டரா இருந்தவர், இங்கிலீஷ் ரொம்ப நல்லாப் படிப்பார்."

முன் சீட்

சிவநேசன் அண்ணை ஹவுன்ஸ்லோவில் இருந்தவர். ஹீத்ரோவில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. பக்கத்திலேயே எத்தனையோ கராஜ் இருக்க, கார் சர்விஸுக்கு எங்களிடம்தான் வருவார். "தமிழிலை சொன்னால்தான் தங்கச்சி எனக்குத் திருப்தி" என்பார். புதுக் கார் வரும்போது சீட்டுகளில் பொலித்தீன் உறை போட்டிருக்கும், வாங்குகிறவர் முதல் நாளே கிழித்து எறிந்துவிடுவார். சிவநேசன் அண்ணை மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முன்பக்கம் சாரதிக்குப் பக்கத்துச் சீட்டின் உறையை மட்டும் விட்டு வைத்திருந்தார். அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில். கலியாணம் முடித்த சில மாதத்தில் இவர் வெளிக்கிட்டு வந்துவிட்டார். அவ வந்து அதிலை இருக்க வேணும், அதுவரைக்கும் ஒருவரும் இருக்கக்கூடாது என்பார். கராஜ் பெடியன்கள் சிரிப்பார்கள். நான் ஒவ்வொரு தடவையும் "அந்த உறையில் கை வைக்க வேண்டாம்" என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புவேன். ஒருநாள் மழைக்கு என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். நான் பின் சீட்டில், பெரிய துரைசாணி மாதிரி இருந்துகொண்டு போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊரில் யுத்தம், பாதையெல்லாம் பூட்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட வேண்டும் என்றால், இருட்டில் படகேறிக் கடலேரியைக் கடக்க வேண்டும். கொழும்பில் அவவுக்கு விசா நேர்முகத்துக்குத் திகதி கிடைத்துவிட்டது என்று சிவநேசன் அண்ணை இனிப்புப் பெட்டியோடு வந்தார். வின்ஸ்டனுக்கும் ஊட்டிவிட்டார். பிறகு கனகாலம் ஆளைக் காணவில்லை. சர்விஸ் நாளும் தவறிப்போனது. அவ வந்திருப்பா, சந்தோஷத்தில் மறந்துபோனார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. காரை எட்டிப் பார்த்தேன். முன் சீட்டில் உறை இல்லை. எனக்குச் சந்தோஷம் பொங்கி, "அக்கா வந்திட்டாவோ அண்ணை?" என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தபடி நின்றார். "படகிலை வரேக்கை அவவுக்குத் துப்பாக்கிச் சூடு பட்டிட்டுது" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. வேலை முடிந்து நான் வெளியே வந்தபோது மழை. காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்டேஷனில் விடுகிறன் என்றார். நான் பழக்கத்தில் பின் கதவைத் திறந்தேன். அவர் உள்ளேயிருந்து கையை நீட்டி முன் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். "முன்னுக்கு இருங்கோ தங்கச்சி, இனி அதிலை ஆர் இருந்தாலும் ஒண்டுதான்."

சட்டனுக்குப் போகிற பஸ்

பிறகு வியாபாரம் படுத்த காலம். லண்டன் முழுக்கக் கடைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஏஜென்சியை இன்னொரு பெரிய ஏஜென்சி வாங்கியது. அவர்களிடம் ஏற்கெனவே மனேஜர் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரையனைக் கூப்பிட்டு, மேசையைக் காலி செய்துவிட்டு, கம்பெனி கொடுத்த காரின் திறப்பை ஒப்படைக்கச் சொன்னார்கள். அவர் பள்ளிக்கூடம் விட்ட வயதில் இருந்து அந்தக் கம்பெனியின் கார் விற்றவர். சொந்தமாக ஒரு கார் வாங்கியதே இல்லை. நேரே என் கவுண்டருக்கு வந்து, வாடிக்கையாளர் வைப்பதுபோல் திறப்பை மேசையில் வைத்தார். எனக்கும் வாய் பழக்கதோஷத்தில் ஓடிவிட்டது. "பின்னேரம் எத்தனை மணிக்கு வருவீர்கள்?"

வேலை முடிந்து வெளியே வந்தால், பஸ் தரிப்பில் பிரையன் ஒரு மட்டைப்பெட்டியோடு நிற்கிறார். மத்தியானத்தில் இருந்து நிற்கிறார் போல. சட்டனில்தான் வீடு. அங்கே எந்த பஸ் போகும் என்று தெரியவில்லை, யாரையும் கேட்க வெட்கமாக இருந்தது என்றார். மோர்டன் வரைக்கும் நான் கூட வந்து, அங்கே சட்டன் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். பஸ்ஸின் மேல் தட்டில் என் பக்கத்தில் இருந்தார். யன்னலுக்கு வெளியே தெரு முழுக்க எங்கள் கம்பெனிக் கார்கள். ஒவ்வொன்றையும் பேர் சொல்லி, எந்த வருடம் வந்தது, யார் வாங்கினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மோர்டனில் இறங்கிச் சட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் நின்றவர், பஸ் வெளிக்கிட முதல் குனிந்து, மற்றவர்களுக்குக் கேளாமல் கேட்டார்: "யோகி, இறங்குவதற்கு நான் மணி அடிக்க வேண்டுமா, இல்லை அவர்களாகவே நிறுத்துவார்களா?"

அந்தக் கவுண்டருக்கு வந்தவர்களுக்கு நான் திருத்திக் கொடுத்தது அவர்களுடைய காரை மட்டும்தான். அதையும் வின்ஸ்டன்தான் திருத்தினார்.