ஆகஸ்ட் மாதத்து வெந்நீர்

வளைகுடாப் பாலைவனத் துறைமுக நகரான சோஹாரில் ஆலைகளின் கழிவு வெப்பத்தால் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியே தொழிலாளர் கேம்ப்புக்கு அனுப்பலாமா என்று ஆராய்ந்த குழுவுக்கு நான் செயலாளர். கார்பனும் குறையும், அறிக்கையும் தடிக்கும். ஆலோசகர்கள் கேம்ப்பின் வெந்நீர்க் குழாய்களில் மீட்டர் பொருத்தினார்கள். ஆகஸ்டில்தான் வெந்நீர் அதிகம் செலவாகிறது என்று தெரிந்தது. வெயிலில் உழைப்பவர்கள் உடல்வலி தீர வெந்நீரில் குளிக்கிறார்கள் என்று விளக்கமும் எழுதினார்கள். குழாய் வருவதால் குளியலறை ஹீட்டர்களைக் கழற்றிவிடலாம் என்பது பரிந்துரை.

கேம்ப் பிளம்பர், ராமநாதபுரத்துக்காரர், என்னைத் தேடி வந்தார்.

"சார், கோடை வந்தா ஹீட்டர ஆஃப் பண்ணிருவோம். மொட்டமாடி டேங்க்ல தண்ணி கொதிக்குது. வெயில் படாம ஹீட்டருக்குள்ள நிக்கிற தண்ணிதான் கொஞ்சம் ஆறிக் கெடக்கும். அதையும் கழட்டிட்டா டூட்டி முடிஞ்சு வந்து எதுல குளிக்க?"

அதை எழுதிக் கொடுத்தேன். பயனாளிகளின் பழக்கத்துக்குப் படிவத்தில் இடமில்லை என்று குழுத் தலைவர் திருப்பி அனுப்பினார். படிவத்தைத் தயாரித்தவன் நான்தான். ஆகவே வேறொரு விதியைத் தேடி எடுத்தேன். கையெழுத்திடுமுன் தலைவர் நேரில் பார்வையிட வேண்டும். அடுத்த ஆகஸ்டில், பகல் இரண்டு மணிக்கு நேரம் குறித்தேன்.

தலைவர், திருச்சிக்காரர், கேம்ப் குளியலறையில் கைகழுவப் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்து, சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சூடு வேணாம்னா வெந்நீர்க் குழாயத் தொறங்க சார்," என்றார் பிளம்பர், மிகுந்த மரியாதையோடு.

திருத்திய அறிக்கையில் ஹீட்டர்களுக்குக் 'குளிர்நீர்க் கலன்கள்' என்று பெயர் வந்தது. ஆலோசகர்கள் அதைத் தங்கள் ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பாகச் சேர்த்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஹீட்டர்கள் சுவரிலேயே இருந்தன.