பாதி உப்புத் தண்ணீர்

கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு அந்த விலாங்கு வந்து சேர்ந்த அன்றே அப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை மூண்டது. ஆற்று முகத்துவாரத்தில் நண்டுக் கூண்டில் சிக்கியதை, துறைமுகத்தில் லோரி ஓட்டும் மாமா உயிரோடு வாளியில் கொண்டுவந்திருந்தார். முழங்கை நீளம், சேற்று நிறம், உடம்பெங்கும் மஞ்சள் பொடி தூவியது போலப் புள்ளிகள். மோரே என்ற விலாங்கு வகை அது என்பதைப் பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆற்றில் பிடித்தது ஆற்று மீன்தான் என்று அப்பா தம் கண்ணாடித் தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பினார். கடலிலிருந்து ஏறி வந்தது என்று மாமா, அப்பா வேலைக்குப் போனதும் உப்பை அள்ளிக் கொட்டினார். மாலையில் அப்பா தண்ணீரை மாற்றினார். விலாங்கு மூலையில் சுருண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியது. போட்ட இறாலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"என்னைப் பாத்து ஏசுது, மச்சான்" என்றார் மாமா.

"உப்பக் கொட்டினா ஏசாம என்ன செய்யும்?" என்றார் அப்பா.

அது மூச்சு விடுவதே அப்படித்தான் என்பது இருவருக்கும் தெரியாது. அம்மா மட்டும் தெளிவாக இருந்தார். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அது சாப்பிடலன்னா நாம அதச் சாப்பிட வேண்டியதுதான். மொளகா அரச்சு, சம்பலா."

சனிக்கிழமை காலை மாமாவின் லோரியில் அடம்பிடித்து ஏறி, அதைப் பிடித்த இடத்துக்கே போனேன். அலையாத்தி வேர்களுக்கிடையே சேறும் கற்களும் பொந்துகளுமாக இருந்தது. படித்துறையில் இறங்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். அம்மா பார்த்திருந்தால் அடி விழுந்திருக்கும்.

"மாமா, இது கடல் மாதிரியும் இல்ல, கொழாத்தண்ணி மாதிரியும் இல்ல. உப்புப் பத்தாத ரசம் மாதிரி இருக்கு."

மாமாவும் தொட்டு நக்கிப் பார்த்தார். பிறகு, தாம் பாதி தோற்றதை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

விலாங்கு வந்த அதே வாளியில் அந்தத் தண்ணீரை மொண்டு, இன்னும் இரண்டு டின்களிலும் நிரப்பி வந்து, பழைய தண்ணீரை இறைத்துவிட்டுத் தொட்டியில் ஊற்றினோம். பொந்துக்குப் பதிலாக ஓர் உடைந்த குழாய்த் துண்டைப் போட்டேன். விலாங்கு அதற்குள் நுழைந்து தலையை மட்டும் நீட்டியது. சாயங்காலம் இடுக்கியில் இறாலை நீட்டினேன். ஒரே பிடுங்கு.

முதலில் கை தட்டியவர் அம்மாதான். சம்பலுக்கு வைத்திருந்த இறாலில் இன்னொன்றை அவரே உரித்துக் கொடுத்தார். ஆற்றுத் தண்ணீர் வென்றது என்று அப்பாவும், உப்பு வென்றது என்று மாமாவும் ஆளுக்கொரு வெற்றியை எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகவில்லை, ஊர்வலம் போனேன்.

அதன் பிறகு வாராவாரம் லோரியில் தண்ணீர் வந்தது. அந்த விலாங்கின் வீட்டையே வாளி வாளியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்ட பெருமை எனக்கு. ஆற்றுக்குத் திரும்பிப் போகும் வாளி ஒவ்வொரு முறையும் விலாங்கு இல்லாமல் காலியாகவே போகிறது என்பது மட்டும் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.