டிவி லேட்டா, நான் லேட்டா?

இரண்டு வருடமாகக் கால்பந்து வீடியோ கேமில் நண்பன் அருளிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன். காரணமும் இரண்டு வருடமாக ஒன்றேதான். என் டிவியில் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஆள் பந்தை உதைக்கிறான்.

"மாப்ள, அதே டிவியிலதானடா நானும் ஆடுறேன்?" என்பான் அருள்.

அதற்குப் புது டிவி வாங்குவதுதான் பதில் என்று முடிவுசெய்தேன்.

இன்று பசுமலைப் பக்கம் ஒரு கடைக்குக் கேம் பெட்டியையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். விற்பனைப் பிரிவில் நின்ற பெண் சிரிக்காமல் அதை வாங்கினார். டிவிக்குப் பின்னால் இருந்த நான்கு எச்டிஎம்ஐ போர்ட்டுகளில் கேமுக்கு ஏற்றதைத் தேடிக் கேபிளைச் சொருகினார். ரிமோட்டில் 'கேம் மோடு' என்று ஒன்றைத் தட்டினார்.

அழுத்தினேன். அந்த நொடியே உதைத்தான்.

"இதையே எடுத்துக்கிறேன்."

"வீட்ல என்ன டிவி சார்?"

சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மேனேஜர் காதுல விழப்போகுது. அதுலயும் இந்த கேம் மோடு இருக்கு சார். செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க. எதுக்கு இம்புட்டு செலவு?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இருந்தது. போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை எதிர்த்து ஒரு ஆட்டம் ஆடினேன். தாமதமே இல்லை. நான்கு கோல் வாங்கித் தோற்றேன்.

கேம் மோடை அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அருள் வருகிறான். இந்தப் பதிவில் அவனை டேக் செய்யப்போகிறவர் யாரென்று எனக்குத் தெரியும். கொஞ்சம் யோசியுங்கள்.