அக்கா கட்ட முடியாமல் போன மூன்றாம் ஆண்டுக் கட்டணம்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்கா வேலை செய்த கடையிலிருந்து வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன், இதைத் தொகுத்த எங்கள் பெரியப்பா மகன் அண்ணன், ஒரு முறை பார்த்துவிடச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார். அதில் அக்காவின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி. ‘படிப்பைக் காட்டிலும் இல்லறமே பெரிதெனக் கருதி, கல்லூரிக் கல்வியை மனமுவந்து துறந்தார்.’ படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மனமுவந்தாம்! துறந்தாராம்!

அண்ணனுக்குப் போன் போட்டேன். “யாருண்ணா உங்களுக்கு இப்படிச் சொன்னது?” என்று கேட்டேன்.

“எல்லாரும் அப்படித்தானம்மா சொல்றாங்க. நினைவு மலர்ல வேற எப்படி எழுதறது? வேணும்னா நீ எழுதிக் குடு. ஆனா கோவமா எழுதாத.”

கோபமாகத்தான் எழுதுகிறேன். அக்காவைப் பற்றிய அந்தப் பொய் வரியை அடித்துவிட்டேன். ஆனால் அதே வரியை அக்காவின் மகளுக்கும் எழுதுவதற்கு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகும் அந்தப் பெண்ணுக்கு ‘நல்ல இடம்’ வந்திருப்பதைப் பற்றி, இன்று சாப்பிட்டு இலை எடுத்ததும் பேச்சு நடக்கவிருக்கிறது. அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அக்கா கீழ்க்கட்டளையில் ஒரு கொத்தனாரின் மூத்த மகளாகப் பிறந்தார். அடுத்தவள் நான், ஏழு வயது இளையவள். அப்பாவுக்கு மழைக்காலத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் அக்கா தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் எங்கள் வீட்டில் குழம்பு கொதித்தது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தார். கணக்கில் புலி. கடைக்காரர் மீதி கொடுப்பதற்குள் அக்கா மீதியைச் சொல்லிவிடுவார்.

இரண்டாம் ஆண்டு முடியும்போது மாமா வீட்டிலிருந்து, அதாவது அக்காவின் கணவர் வீட்டிலிருந்து, பெண் கேட்டு வந்தார்கள். மாமா சிறுசேரிக்குக் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். “படிப்பா? கல்யாணத்துக்கு அப்புறம் தாராளமா படிக்கட்டும், நாங்க இன்னா வேணாம்னா சொல்லப்போறோம்?” என்று மாமாவின் அம்மா, எங்கள் அத்தை, சபையில் சொன்னார். அந்தச் சபையில் இருந்தவர்களில் பாதிப் பேர் இன்று இந்தப் பந்தலிலும் இருக்கிறீர்கள்.

அந்த மாதமே கல்யாணம் முடிந்தது. மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தை அக்கா டியூஷன் காசில் சேர்த்து வைத்திருந்தார். அக்காவுக்கென்று வங்கிக் கணக்கு இல்லாததால் பணம் மாமாவின் கணக்கில் இருந்தது. கல்லூரி திறக்க இருபது நாள் இருக்கும்போது அக்காவுக்கு நாள் தள்ளிப்போனது. பன்னிரண்டு நாள். அவ்வளவுதான் நடந்தது. கர்ப்பமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் அத்தைக்குத் தெரிந்துவிட்டது! அவர்கள் சேலையூரில் இரண்டாவது மாடியில் குடியிருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி மாடிப்படி ஏறக் கூடாது. சரி, ஏற வேண்டாம். மூன்றாம் மாதம் பிறந்துவிட்டால் வீடு மாறவும் கூடாது, அது அவர்கள் வழக்கம். அப்படியானால் என்ன செய்வது? உறுதியாவதற்கு முன்பே வீடு மாறிவிடுவது! கீழ்த்தளத்தில் வீடு பார்த்தார்கள். நம் ஊர் வழக்கப்படி பத்து மாத வாடகை அட்வான்ஸ். மாமாவின் கணக்கில் இருந்த எல்லாம் அதற்கே போனது.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தேன், பதிமூன்று வயது. அக்கா கெஞ்சியது என் காதில் இன்னும் இருக்கிறது.

“அத்த, மெடிக்கல்ல கர்ப்பம் பாக்கற கார்டு விக்குது. ஒரே ஒரு தடவ பாத்துடறேன். அப்புறம் நீங்க சொல்ற மாதிரி செய்யலாம்.”

“இன்னாத்துக்கு? இப்பவே பாத்தா கண்ணு பட்டுடும். எங்க காலத்துல கார்டு பாத்துகினா புள்ள பெத்தோம்?”

“அது என் ஃபீஸ் காசு அத்த.”

“ஃபீஸு எங்க ஓடிப்போவுது? அடுத்த வருசம் கட்டிக்கலாம்.”

மாமா வாசல்படியில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அக்காவுக்குத் தினமும் சாத்துக்குடி பிழிந்து கொடுத்தார், குடம் தூக்க விடவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சாத்துக்குடிச் சாற்றோடு எப்படிச் சண்டை போடுவது?

வீடு மாறும் நாளில் சுமை குறையட்டும் என்று அக்காவின் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போடச் சொன்னார்கள். ‘இனிமே இதெல்லாம் எதுக்கு?’ என்றார்கள். சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனது வேறு யாரும் இல்லை, நான்தான். கடைக்காரர் கொடுத்த சில்லறையில் ஒரு ஐஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கோபப்படுகிறவர்களின் பட்டியலில் நான் இருக்கிறேன், கோபத்துக்கு உரியவர்களின் பட்டியலிலும் இருக்கிறேன்.

புது வீட்டுக்குப் போன நான்காம் நாள் அக்காவுக்கு மாதவிலக்கு வந்தது. உடம்பில் ரத்தம் குறைவு, அதனால்தான் தள்ளிப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதற்கு, “வந்து நாலு நாள்ல காலி பண்ணா எப்படிங்க? மூணு மாச வாடகையப் புடிச்சுப்பேன், மீதியும் வேற ஆள் குடி வந்தாத்தான்,” என்றார் வீட்டுக்காரர். கட்டணம் கட்டும் கடைசி நாள் போனது. அபராதத்தோடு கட்டும் நாளும் போனது. அந்த ஆண்டு ஐப்பசி மழையில் கீழ்த்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அடுத்த ஆண்டு அக்கா உண்மையிலேயே கர்ப்பமானார். மகள் பிறந்தாள். அதன் பிறகு அக்காவின் படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இதுதானய்யா மனமுவந்து துறந்த கதை.

பிறகு அக்கா தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். பதினாறு ஆண்டுகள். கடையின் ஜிஎஸ்டி கணக்கு முழுவதையும் அக்காதான் பார்த்தார். அக்காவிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் அக்காவைவிட அதிகச் சம்பளம் வாங்கினார்கள். கேட்டால், “உங்களுக்கு டிகிரி இல்லையேம்மா,” என்பாராம் முதலாளி. அக்கா அதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு இருபத்து நான்கு வயதில் திருமணம் ஆகியிருந்தது, பி.எட். இரண்டாம் ஆண்டு தொடங்கவிருந்தது. எனக்கும் நாள் தள்ளிப்போனது. ஒன்பது நாள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி அக்காவின் கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். முதலாளியிடம் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், மெடிக்கலில் கார்டு வாங்கி, ரயில் நிலையக் கழிவறைக்குள் தள்ளினார்.

“மொதல்ல பாரு. தெரியாம ஒத்த ரூபா செலவு பண்ணக் கூடாது,” என்றார்.

இரண்டு கோடு விழுந்திருந்தது. வெளியே வந்து அழுதேன். அக்கா என்னை ஒரு ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார வைத்தார்.

“இது உனக்கு இப்ப வேணுமா, வேணாமா? நீ சொல்லு. மாமியார் சொல்றது, புருஷன் சொல்றது எல்லாம் அப்புறம்.”

“வேணும்க்கா. ஆனா படிப்பும் வேணும். அவர் சம்பளத்துல ரெண்டும் எப்படி?”

“ஏன் முடியாது? ஃபீஸ இன்னைக்கே கட்டு. நாளைக்குன்னு வெக்காத. கையில இருக்கிற காசுக்கு ஆயிரம் பேர் வேலை சொல்வாங்க. கட்டின காச எவனும் திருப்பி எடுக்க முடியாது. செக்கப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ, நானும் வர்றேன், மாத்திரை அங்கயே தருவாங்க. வளைகாப்பு வீட்டுக்குள்ள வெச்சிக்கலாம், மண்டபம் கிண்டபம் ஒண்ணும் வேணாம். அப்புறம்... வீடு மட்டும் மாறாத.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றே கல்லூரிக்குப் போய்க் கட்டினோம், குறைந்த தொகையை அக்கா தன் கணக்கிலிருந்து போட்டார். ஆம், தன் கணக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தன் பெயரில் ஒன்று தொடங்கிவிட்டார். வளைகாப்பை மண்டபத்தில் வைக்கவில்லை என்று குறைபட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த வயிற்றோடுதான் பரீட்சை எழுதினேன். இன்று நான் ஆசிரியை.

சென்ற ஆண்டு ஒரு காலை, கடைக்குக் கிளம்பிய அக்கா பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்து, நாற்பது வயதில் போய்விட்டார்.

அந்த ஒன்பது நாளும் முறை போட்டு வெளியே உட்கார்ந்திருந்த கடைப் பெண்களுக்கு எங்கள் நன்றி. பேருந்து நிறுத்தத்திலிருந்து அக்காவைத் தூக்கிப்போட்டுக்கொண்டு பறந்த, காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. காரியம் முடியும்வரை மூன்று வேளையும் சமைத்து அனுப்பிய எதிர்வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு நன்றி. அக்காவின் படுக்கைக்குப் பக்கத்தில் இரவும் பகலும் இருந்த அத்தைக்கும் நன்றி. அத்தை, உங்களுக்கு நான் நன்றி சொல்வேன் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நானும் நினைக்கவில்லை.

இப்போது அக்காவின் மகள். அவளும் பி.காம். தான், மூன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டியவள். ‘தாயில்லாப் பெண், கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டும்’ என்கிறீர்கள். இருபது ஆண்டுக்கு முன் சொன்ன சொல்லில் ஓர் எழுத்தாவது மாற்றக் கூடாதா? அவளுடைய கட்டணப் பணத்தை மண்டபத்துக்கு அட்வான்ஸாகக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவர் யார் என்றும் எனக்குத் தெரியும், பெயரை எழுதவில்லை. அவளைக் கேட்டேன். “சித்தி, எனக்குக் கல்யாணம் வேணாம்னு இல்ல. கடைசி வருஷத்த முடிச்சுடறேன், அவ்ளோதான்,” என்றாள்.

போன வாரம் மாமா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே ஒரு கவரை நீட்டினார். “பொண்ணு ஃபீஸு. நீயே கட்டிடும்மா. ஏங்கையில இருந்தா ஆளாளுக்கு எதுனா சொல்லி வாங்கிடுவாங்க, எனக்கு வேணாம்னு சொல்ல வராது,” என்றார். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே, “அப்ப நான் பேசியிருக்கணும்,” என்றார். இருபது ஆண்டுகளாக அவர்மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கவரை வாங்கிக்கொண்டேன். மாமா, உங்களுக்கும் நன்றி.

கவரில் இருந்தது போதவில்லை. இன்றைய சாப்பாட்டுக்கு என் பங்காக எடுத்து வைத்திருந்ததையும் சேர்த்து, மறுநாளே கல்லூரிக்குப் போய் மூன்றாம் ஆண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டிவிட்டேன். ஆகவே இலையில் வடையும் பாயசமும் ஏன் இல்லை என்று யாரும் மாமாவைக் கேட்க வேண்டாம். நான் பந்தியில்தான் பரிமாறிக்கொண்டிருப்பேன், என்னைக் கேளுங்கள்.