முதல் ரவுண்டு மெதுவாக

என் அண்ணிக்கு அப்போது முப்பத்துநாலு வயது. பதினோரு வருஷமாக ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். வாயில்லாப் பூச்சி. அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்.

லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது விழுந்து, முதுகுத்தண்டு நசுங்கி, அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டான். ஆபரேஷன் செய்தால் எழுந்து உட்காரலாம் என்றார் டாக்டர். கிடங்கில் அண்ணிக்கு நிரந்தரக் காவலாளி வேலை கிடைத்தால் குடும்பத்துக்கே வைத்தியம் கம்பெனி பொறுப்பு. அதற்கு மூன்று கிலோமீட்டரை இருபது நிமிஷத்தில் ஓட வேண்டும். வயது முப்பத்தைந்தைத் தாண்டினால் விண்ணப்பமே போட முடியாது.

"மைதானத்துல ஏழரை ரவுண்டு அண்ணி" என்றேன்.

"ஏழரைதான் ஏற்கெனவே நம்ம வீட்ல குடியிருக்கே" என்று படுக்கையிலிருந்து அண்ணன் சிரித்தான்.

பள்ளியில் ஓடிப் பரிசு வாங்கியவள் என்ற மிதப்பு எனக்கு. பயிற்சி என் தலைமையில். முதல் நாள் அண்ணி பேய் துரத்துவதுபோல் பாய்ந்தாள். ஒரே ரவுண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். காரணம் கிடங்குப் பழக்கம். அங்கே முதல் ஒரு மணி நேரத்தில் யார் எத்தனை பெட்டி ஒட்டினார்கள் என்றுதான் போர்டில் எழுதுவார்கள். அந்த ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்தால், மிச்ச நேரத்தை எப்படியோ ஓட்டிவிடலாம்.

"இது பெட்டி இல்ல அண்ணி! முதல் ரவுண்டு மெதுவா. யார் முந்தினாலும் முந்தட்டும். என் கையை மட்டும் பாரு. நான் உள்ளங்கையைக் கீழ காட்டினா மெதுவா, மேல தூக்கினா வேகம்."

ஒரு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால ஆகாதுடி. மூச்சு நெஞ்சுலயே நிக்குது."

"அந்த லைட் கம்பம் வரைக்கும் வா. அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்."

கம்பம் வந்ததும் அடுத்த கம்பத்தைக் காட்டினேன். இப்படியே தினமும் ஏமாற்றினேன். அவளும் தெரிந்தே ஏமாந்தாள். நான்கு மாதத்தில் இருபதுக்கு அரை நிமிஷம் குறைவாக ஓடிக் காட்டினாள். அன்று நான் தெருவில் குதித்த குதிக்கு என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

பரீட்சையன்று எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கூட்டம். பாதிப்பேர் இருபது வயதுக்காரிகள். கம்பிவேலிக்கு வெளியே நின்றேன். மைக்கில் அதிகாரி ஏதோ அறிவித்தார். கரகரவென்றதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்து, உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினேன். தலையாட்டினாள்.

விசில் ஊதியதும் எல்லாரும் பறந்தார்கள். அண்ணி மட்டும் அளந்து வைத்ததுபோல் ஓடினாள். பாதிச் சுற்றில் மறுபடி என்னைப் பார்த்தாள். மறுபடியும் கையைக் கீழே காட்டினேன். கடிகாரப்படி எல்லாம் கச்சிதம். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

முதல் ரவுண்டு முடிந்த இடத்தில் ஒருவர் கொடியை நீட்டி அண்ணியை நிறுத்தி ஓரம்கட்டினார்.

"ஏங்க, எதுக்கு நிறுத்துறீங்க?" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"கூட்டம் ஜாஸ்திம்மா. ரவுண்டுக்கு ரவுண்டு கடைசி அஞ்சு பேர் வெளியேன்னு மைக்ல சொன்னாங்களே" என்றார் வாசலில் நின்றவர்.

அண்ணி கேட்டைத் தாண்டி வந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை.

"உன் காதுல விழுந்துச்சா அண்ணி? அப்ப ஏன் வேகமா ஓடல?"

"நீ மெதுவான்னு கை காட்டின. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. வழி முழுக்க அழுதது நான்தான், அவள் அழவில்லை.

வீட்டில் அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"என்னாச்சு?"

நான் வாயெடுப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சுங்க. பாவம், உங்க தங்கச்சி நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தா."

அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு, "சரி விடு" என்றான். "நீ ஏன்மா நிக்கிற? அவ காலுக்குத் தைலம் தேய்ச்சு விடு."

அண்ணி காலை நீட்டினாள். எந்த வலியும் இல்லாத அந்தக் காலை, அண்ணன் கண்ணெதிரே உட்கார்ந்து நான் தேய்த்துவிட்டேன்.